ஷேடு பார்த்த ஊர்

1886இல் ஜாம்ஷெட்ஜி டாடா, குர்லாவில் நொடித்துப்போன தரம்சி மில்லை வாங்கி அதற்கு ‘ஸ்வதேசி’ என்று பெயரிட்டார். ஹார்பர் லைனில் ஜி.டி.பி. நகருக்கும் குர்லாவுக்கும் நடுவே இருக்கும் சுனாபட்டியில் அந்த மில்லை நம்பி உலை வைத்த குடும்பங்கள் ஏராளம். சங்கு ஓய்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது அதே சுற்றுவட்டாரத்தில், சயான், தாராவி, செம்பூர் என்று எங்கு போனாலும் கல்யாண ஆல்பம் செய்கிறவர்களும், பேனருக்கும் பத்திரிகைக்கும் டிசைன் போடுகிறவர்களும் சின்ன அறைகளில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தீராத தலைவலி உண்டு. திரையில் குங்குமச் சிவப்பாகத் தெரிந்த புடவை அச்சாகி வரும்போது அரக்காகிவிடுகிறது. எந்த மானிட்டர் வாங்கினால் இது தீரும் என்று லாமிங்டன் ரோட்டில் கடை கடையாக விசாரிக்கிறார்கள்.

மில்காரர்களுக்கும் இதே தலைவலிதான். அவர்களிடம் திரை இல்லை, துணி இருந்தது.

சாயத் தொட்டியிலிருந்து வரும் துணி, வியாபாரி கொடுத்த மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் ஷேடு பார்ப்பது. பழைய முறைப்படி அதற்கு வடக்குப் பார்த்த ஜன்னல் வேண்டும். அந்தப் பக்கம் நேர் வெயில் விழாது. வானத்தின் வெளிச்சம் மட்டும் நாள் முழுக்க ஒரே சீராக வரும். இது ஐரோப்பாவில் பிறந்த விதி. பம்பாயில் மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசிவரை உச்சிவேளைச் சூரியன் தலையைத் தாண்டி வடக்கே சாய்ந்துவிடும். போதாக்குறைக்கு ஜூனில் மழை மேகம் மூடிக்கொள்ளும். இப்படி ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் வெளிச்சத்தை நம்ப முடியாமல்தான், குறிப்பிட்ட வகை விளக்குகள் பொருத்திய, உள்ளே சாம்பல் நிறம் அடித்த பெட்டிகள் துணித் தொழிலுக்குள் வந்தன.

வெளிச்சம் ஏன் அத்தனை முக்கியம்? ஒரு விளக்கின் கீழே ஒன்றுபோலத் தெரியும் இரண்டு துணிகள் இன்னொரு விளக்கின் கீழே பிரிந்து நிற்கும். இரண்டிலும் ஏறியிருக்கும் சாயம் வேறாக இருந்தால், அவை ஒளியின் எந்தப் பகுதியை விழுங்குகின்றன என்பதும் வேறாகும். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். பட்டுப்புடவை எடுக்கப் போகும் பெண்கள் புடவையைக் கடை வாசல்வரை கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதற்குப் பின்னால் இருக்கும் அறிவியலும் இதுதான். டியூப்லைட்டை நம்பக் கூடாது என்பதை அவர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை.

பாடப்புத்தகம் எழுதியவர் மாட்டுங்காவில் இருந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933 அக்டோபரில் ரசாயனத் தொழில்நுட்பத் துறையைத் தொடங்கியபோது இரண்டே பிரிவுகள்தான்: ஒன்று கெமிக்கல் இன்ஜினியரிங், மற்றது துணி ரசாயனம். மில் ஊருக்கு எது தேவையோ அது. 1943இல் துறை மாட்டுங்காவுக்குக் குடிவந்தது. அதன் முதல் இந்திய இயக்குநராக 1938இல் பொறுப்பேற்றவர் கிருஷ்ணசாமி வெங்கட்ராமன். 1901இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தவர். செயற்கைச் சாயங்களின் ரசாயனத்தைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1952இல் வெளிவரத் தொடங்கியது. பின்னர் அவர் தொகுப்பில் பல பாகங்களாக வளர்ந்து உலகமெங்கும் சாயத் தொழிலின் கைநூலாயிற்று. 1957இல் புனே தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் போகும்வரை அவருடைய உழைப்பு இந்தத் துறையில்தான். மாட்டுங்கா என்றதும் இட்லிக் கடையை நினைக்கிறவர்கள், சாயத்தை மூலக்கூறு மூலக்கூறாகப் பிரித்துப் பார்த்த இந்த மனிதரையும் நினைக்கலாம்.

துணிக்கு ஒரு பக்கம் இது நடந்தது. காகிதத்தில் நிறம் வெகுகாலம் கைப்பழக்கத்திலேயே ஓடியது. 1894இல் ராஜா ரவிவர்மா கிர்காவில் லித்தோ அச்சகம் ஆரம்பித்தார். எண்ணெய் ஓவியம் ஒன்றை அச்சுக்குக் கொண்டுவர, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று பல கற்களில் கையால் வரைய வேண்டும். இந்த நீலத்தில் எவ்வளவு மஞ்சள் ஒளிந்திருக்கிறது என்று முடிவு செய்ய, கல்லில் வரைகிறவனின் கண்ணைத் தவிர வேறு கருவி கிடையாது. 1899இல் அச்சகம் லோனாவ்லா அருகே மலவ்லிக்குப் போனது. பிறகு ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மன் கலைஞர் அதை வாங்கினார். 1972இல் தீப்பிடித்து எரிந்தது. அந்த வட்டாரத்தில் பழகிய இன்னொருவர் தாதாசாகேப் பால்கே. சினிமாவுக்கு வரும் முன்பே அச்சகம் வைத்தவர். 1909இல் வண்ண அச்சு எந்திரம் வாங்க ஜெர்மனி போனார். அவர் காலத்தில் மூவண்ண பிளாக் வந்துவிட்டது. வடிகட்டிக் கண்ணாடி வைத்து ஒரே படத்தை மூன்று முறை எடுத்து, மூன்று மையில் புள்ளி புள்ளியாக அச்சிடும் முறை அது. கண் செய்த பிரிப்பை கேமரா செய்யத் தொடங்கியது. இன்று போட்டோஷாப் ஒரு சொடுக்கில் செய்வதும் அதே வேலைதான்.

நிறத்தை எண்ணால் அளந்து எழுதுவது என்று முடிவானபின் ஒரு கேள்வி மிச்சமிருந்தது: யாருடைய கண்ணை வைத்து அளப்பது? 1931இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ‘நியமப் பார்வையாளர்’ என்று ஒரு கற்பனை மனிதரை உருவாக்கியது. பிரிட்டனில் ரைட் என்பவர் பத்துப் பேரையும், கில்டு என்பவர் ஏழு பேரையும் உட்காரவைத்து, சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் பொருத்தச் சொல்லி எடுத்த அளவுகளின் சராசரி அவர். இன்று மானிட்டர் பெட்டியில் நிறத்தைப் பற்றி எந்தச் சதவீதம் அச்சிட்டிருந்தாலும், அதன் வேர் அந்தப் பதினேழு பேரின் கண்களில் இருக்கிறது. அவர்களில் ஒருவராவது காஞ்சிபுரம் பட்டைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனாலும் அந்த எண்கள் தாக்குப்பிடித்துவிட்டன.

திரை பம்பாய்க்கு வந்த கதையிலும் ஒரு சென்னைக்காரர் உண்டு. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழு, இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் முழு மின்னணுக் கணிப்பொறியைக் கட்டியது. 1960இல் அது வேலைக்கு வந்தது. 1962இல் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார். சுமார் 2,700 வால்வுகள். கணக்கின் விடையை வரைகோடாகவும் எழுத்தாகவும் காட்ட அதற்கு ஒரு கேத்தோடு கதிர்க் குழாய்த் திரையையும் அவர்களே செய்து பொருத்தினார்கள். நிறம் என்ற பேச்சே இல்லை. இருட்டில் ஒரு கோடு மின்னினால் போதும்.

வண்ணம் வீட்டுத் திரைக்கு வந்தது 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி தூர்தர்ஷன் கலரில் ஒளிபரப்பத் தொடங்கியபோது. அந்தக் கலர் குழாய்க்குள் சிவப்பு, பச்சை, நீலப் பாஸ்பர் பூச்சுகள் இருந்தன. சிவப்புதான் நெடுநாள் நோஞ்சான்; 1960களின் நடுவில் யூரோப்பியம் கலந்த பூச்சு வந்த பிறகே அதற்குத் தெம்பு வந்தது.

அச்சுத் தொழிலுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தபோது அனுபவசாலிகள் திரையை நம்பவில்லை. அவர்கள் செய்தது சரி. 1985இல் பேஜ்மேக்கர், 1990இல் போட்டோஷாப் என்று மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆனால் இரண்டு மானிட்டர்கள் ஒரே நிறத்தைக் காட்டாது. அதனால் சதவீதத்தில் பேசினார்கள்: மெஜந்தா 100, மஞ்சள் 100 போட்டால் சிவப்பு. அச்சடித்த நிற அட்டையில் விரலை வைத்துப் பார்த்து எண்ணை டைப் செய்வார்கள். திரை என்ன காட்டினாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். ப்ரூஃப் வந்தபிறகு லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் புள்ளிகளைப் பார்த்தால்தான் நிம்மதி. சிவகாசி காலண்டருக்குக் கோப்பு அனுப்புகிற பழைய கைகள் இன்றும் இதே வழிதான்.

திரைக்குப் பொதுமொழி கிடைத்தது 1993இல். அடோபி, அக்ஃபா, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து ஐ.சி.சி. என்ற கூட்டமைப்பை உருவாக்கின. ஒவ்வொரு கருவியும் தன் நிறப் பழக்கத்தை ‘புரொஃபைல்’ என்ற சிறு கோப்பாகச் சொல்லிவிட வேண்டும். மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிறத் தரத்தை முன்வைத்தன. அது அன்றைய சராசரிக் குழாய் மானிட்டரின் நிற எல்லையை எழுதிவைத்தது, அவ்வளவுதான். 1998இல் வந்த அடோபி ஆர்.ஜி.பி.யின் பிறப்பு வேடிக்கையானது. ஒரு தொலைக்காட்சித் தரத்தின் எண்களை ஆவணத்திலிருந்து எடுத்ததில் தவறு நேர்ந்தது. விரிந்த பச்சையும் நீலப்பச்சையும் பயனாளர்களுக்குப் பிடித்துப்போகவே, பெயரை மட்டும் மாற்றி அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

பிறகு குழாய் போய்த் தட்டைத் திரை வந்தது. தொடக்கத்தில் அது நிற வேலைக்குப் பின்னடைவுதான். மலிவான டி.என். திரையில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே முகத்தின் நிறம் மாறும். 1996இல் ஹிட்டாச்சி செய்து காட்டிய ஐ.பி.எஸ். முறைதான் அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் கைக்கெட்டும் விலைக்கு வர வெகுநாள் பிடித்தது. 2003இல் ஐஸோ நிறுவனத்தின் கலர்எட்ஜ் வரிசை வந்த பிறகு கனத்த குழாய் மானிட்டர்களை விட்டுப் பிரிய நிபுணர்களுக்கும் மனம் வந்தது. மும்பையில் அப்படிக் கழிந்த குழாய்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் குர்லாவும் தாராவியும் உண்டு. செம்புச் சுருளுக்காக உடைக்கப்பட்ட அந்தக் கண்ணாடியில் ஈயம் இருந்தது. மின்கழிவுக்கு என்று தனி விதிகள் நடைமுறைக்கு வந்தது 2012 மே மாதத்தில்தான்.

இந்தக் கதை முழுக்கத் தெரிந்தவர் மானிட்டர் வாங்கும்போது விளம்பரத்தின் ‘நூறு கோடி நிறங்களை’ப் பார்த்து மயங்க மாட்டார். ஐ.பி.எஸ். திரையா, எஸ்.ஆர்.ஜி.பி. முழுக்க அடங்குகிறதா, நாலு மூலையும் நடுவும் ஒரே வெளிச்சமாக இருக்கிறதா என்று பார்ப்பார். கல்யாண ஆல்பம் அச்சிடும் லேப்கள் பெரும்பாலும் எஸ்.ஆர்.ஜி.பி. கோப்பையே கேட்கின்றன. ஆகவே அடோபி ஆர்.ஜி.பி.யை முழுக்கக் காட்டும் விலையுயர்ந்த திரை, கலைநூல் அச்சுக்கும் உயர்தர இங்க்ஜெட்டுக்கும் வேலை செய்கிறவருக்குத்தான் பயன்படும். மற்றவருக்கு அது தொல்லையாகவே முடியலாம்: சரியாக அமைக்காவிட்டால் எல்லா முகமும் வெயிலில் காய்ந்ததுபோல் சிவந்து தெரியும்.

வெளிச்சத்தை விட்டுவிட்டால் எந்தத் திரையும் உதவாது. கடையிலிருந்து வரும் மானிட்டர் கண் கூசுமளவு பிரகாசமாக இருக்கும். அச்சு வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) போதும். அச்சு இருட்டாக வருகிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை திரையின் அதிக வெளிச்சத்தில் பிறந்தவை. இணையத்துக்கு வெண்மை 6500 கெல்வின். அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதாக இருந்தால் அந்தப் பிரதியின்மேல் விழும் விளக்கு 5000 கெல்வின். பச்சைப் பெயிண்ட் அடித்த சுவரும், ஜன்னலுக்கு எதிரே போட்ட மேஜையும் கூடாது. இவ்வளவு செய்தாலும் மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவையை எந்த மானிட்டரும் முழுசாகக் காட்டாது. பாவும் ஊடும் வேறு நிறம். புடவை அசையும்போதுதான் அந்த நிறம் பிறக்கிறது, நின்றுபோன படத்தில் அதற்கு இடமில்லை.

கடைசியாகப் பணம். கையில் இருப்பதை முழுக்கத் திரையில் போட்டுவிடாமல், முதலில் நிறம் அளக்கும் கருவி ஒன்றுக்கு ஒதுக்குங்கள். திரையின்மேல் தொங்கவிட்டால் அது தானே அளந்து புரொஃபைல் எழுதிக் கொடுக்கும். மாதம் ஒருமுறை அளந்தால் போதும் என்பதால், பக்கத்துப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே ஒன்றை வாங்கலாம். அளந்து வைத்த நடுத்தர மானிட்டர், அளக்காத உயர்ரக மானிட்டரைவிட நல்ல வேலைக்காரன்.