சென்னை மாகாண இடைக்கால அமைச்சரவை (1937)

1937 ஏப்ரல் 1 முதல் ஜூலை 14 வரை கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் பதவியில் இருந்த சிறுபான்மை அமைச்சரவை. சட்டப்பேரவையின் முகத்தில் விழிக்காமலே வந்து, விழிக்காமலே போனது. கானாடுகாத்தான் அரண்மனைக் குடும்பத்தைச் சேர்ந்த குமாரராஜா மு. அ. முத்தையா செட்டியார் இதில் ஓர் அமைச்சர்.

முன்வரலாறு

1919ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில் கல்வி, உள்ளாட்சி முதலிய துறைகளை அமைச்சர்கள் கவனித்தனர். அவர்களை அமர்த்துபவர் ஆளுநர். அதற்குச் சபையின் முன் ஒப்புதல் தேவையில்லை. பிடிக்காவிட்டால் சபை பிறகு நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம், சம்பளத்தில் கைவைக்கலாம். 1923 நவம்பரில் பனகல் அரசரின் அமைச்சரவை மீது, நீதிக்கட்சியிலிருந்து பிரிந்த சி. ஆர். ரெட்டி அப்படியொரு தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 44, எதிர்ப்பு 65; அமைச்சரவை தப்பியது.

1926இல் நடந்தது இன்னும் சுவையானது. தேர்தல் நடந்த 98 இடங்களில் 41ஐப் பிடித்து சுயராஜ்யக் கட்சி முதலிடத்தில் நின்றது. ஆனால் பதவி ஏற்பதில்லை என்பது அதன் கொள்கை. ஆளுநர் கோஷன் பிரபு, கட்சி சாராத குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயனை முதலமைச்சர் ஆக்கினார். நியமன உறுப்பினர்கள் 34 பேரைக் கொண்டு அவருக்கு முட்டுக்கொடுத்தார். தேர்தலில் கிடைக்காத பலத்தை நியமனத்தில் தேடிக்கொண்ட இந்த அமைச்சரவை 1930 வரை ஓடியது.

முத்தையா செட்டியாரின் அரசியல் இந்தக் காலத்தில் வளர்ந்தது. அன்றைய சபையில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கென்றே ஒரு தொகுதி உண்டு. கொண்டுவிற்று வாழ்ந்த சமூகம் ஆட்சியில் தனக்கென ஓர் இருக்கை வைத்திருந்தது. 1932இல் முதலமைச்சர் முனுசாமி நாயுடுவை இறக்கிவிட்டுப் பொப்பிலி அரசர் பதவிக்கு வந்தபோது முத்தையா செட்டியார் பொப்பிலி பக்கம் நின்றார். 1933இல் சென்னை மாநகராட்சியின் முதல் மேயர். 1936இல் மாகாண அமைச்சர்.

நியமனமும் சர்ச்சையும்

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, அமைச்சர்களை ஆளுநர் தம் விருப்புரிமைப்படி தேர்ந்தெடுப்பார், அவர் விரும்பும்வரை அவர்கள் பதவியில் இருப்பார்கள் என்றது. சபை உறுப்பினர் அல்லாதவர் 6 மாதத்துக்கு மேல் நீடிக்க முடியாது. பெரும்பான்மை பெறக்கூடியவரைக் கலந்து அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்க ஆளுநர் இயன்றவரை முயல வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை, அவருக்குத் தந்த அறிவுறுத்தல் ஆவணத்தில் இருந்தது. அமெரிக்காவில் அமைச்சராக முன்மொழியப்பட்டவரை செனட் சபை விசாரித்து, வாக்கெடுத்து, வேண்டாம் என்றும் சொல்லலாம். 1834இல் ரோஜர் டானியும் 1989இல் ஜான் டவரும் அப்படித் தோற்றவர்கள். அந்த வாசல் சென்னையில் வைக்கப்படவே இல்லை.

1937 பிப்ரவரித் தேர்தலில் பேரவையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159ஐ வென்றது. பொப்பிலி அரசரே வி. வி. கிரியிடம் தோற்றார். ஆளுநர் எர்ஸ்கின் பிரபு ராஜாஜியை அழைத்தார். சிறப்பு அதிகாரங்களைப் பயன்படுத்தித் தலையிடமாட்டேன் என்று ஆளுநர் உறுதி தரவேண்டும் என்றது காங்கிரஸ். எர்ஸ்கின் தரவில்லை, காங்கிரஸ் விலகிக்கொண்டது.

அடுத்து வி. எஸ். சீனிவாச சாஸ்திரி கேட்கப்பட்டார், மறுத்துவிட்டார். அப்போது அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், அதாவது முத்தையா செட்டியாரின் தந்தை ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தின் தலைவர். துணைவேந்தர் தள்ளி, பிறகு ரெட்டி நாயுடு தலைமையில் அமைந்த அமைச்சரவையில் நிறுவனரின் மகன் சேர்ந்தார். ஏ. டி. பன்னீர்செல்வம், எம். சி. ராஜா, கலிபுல்லா சாகிப், ஆர். எம். பாலட் ஆகியோர் மற்ற அமைச்சர்கள்.

பதவியேற்ற ஏப்ரல் 1 அன்றே காங்கிரஸ் புதிய சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் நடத்தியது. பம்பாய், பீகார், ஒரிசா முதலிய மாகாணங்களிலும் இதேபோன்ற அமைச்சரவைகள் அமைந்தன. இவை பொறுப்பாட்சிக்கே முரண் என்றார் சட்ட அறிஞர் பெரிடேல் கீத். ஆளுநர் அத்தகைய உறுதிமொழி தரச் சட்டத்தில் இடமில்லை என்றார் தேஜ் பகதூர் சாப்ரு; சட்டத்தின் எழுத்தோடு பொருந்துவது சாப்ருவின் வாதமே. ஆனால் கோஷனுக்குக் கிடைத்த வசதி எர்ஸ்கினுக்கு இல்லை. புதிய பேரவையின் 215 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; முட்டுக்கொடுக்க நியமன உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. கூட்டினால் முதல் வாக்கெடுப்பிலேயே அமைச்சரவை விழும். ஆண்டுக்கு ஒருமுறை கூட்டினால் போதும் என்று சட்டம் சொன்னதால், கூட்டாமல் காலம் கடத்தினார்கள்.

முடிவு

பதவி ஏற்கவேண்டும் என்று எஸ். சத்தியமூர்த்தி போன்றோர் காங்கிரசுக்குள் வாதாடினர். ஜூன் 22 அன்று வைசிராய் லின்லித்கோ இணக்கமாக ஓர் அறிக்கை விட்டார். ஜூலையில் காங்கிரஸ் செயற்குழு இசைந்தது. ஜூலை 14 அன்று ராஜாஜி பதவியேற்றார், பேரவையும் அன்றுதான் முதன்முறை கூடியது. ரெட்டி நாயுடு 1940இல் சாஸ்திரிக்கு அடுத்த துணைவேந்தராக அண்ணாமலைநகர் சென்றார்.

இன்றைய அரசியல் சட்டத்தின் 164ஆம் பிரிவிலும் அமைச்சர் நியமனத்துக்குச் சபையின் முன் ஒப்புதல் கிடையாது. 6 மாத வரம்பு தொடர்கிறது.