பேசாத படம் சொன்ன பாடம்



தோட்டத் திடலில் படம் காட்டிய நாள்கள் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். பொழுது சாயுமுன்பே பாயும் சாக்கும் கொண்டுபோய் முன்வரிசையில் இடம் பிடிப்போம். சில இரவுகளில் ஒலிபெருக்கி பழுதாகிவிடும். படம் மட்டும் ஓடும். வசனப் படமானால் திடலே கூச்சலிடும். ஆனால் தொளதொளத்த கால்சட்டையும் கைத்தடியுமாக ஒரு குள்ள மனிதர் வந்தால் கூச்சல் இராது, சிரிப்புதான். அவருக்குப் பேச்சே தேவைப்படவில்லை. அது ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1895ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரைப்படம் ஊமையாகவே இருந்தது. 1927இல் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியான பிறகே பேசும் படங்கள் பெருகின.

அந்த ஊமைக் காலத்திலேயே அமெரிக்கப் படங்கள் வகை வகையாகப் பிரிந்தன. 1903இல் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' ரயில் கொள்ளையையும் குதிரைத் துரத்தலையும் காட்டியது. பின்னாளில் நம் பிள்ளைகள் விரும்பிப் பார்த்த கௌபாய் படங்களுக்கு அது ஒரு முன்னோடி. கௌபாய் படத்தில் துப்பாக்கி உள்ளவன் வெல்வான். சிரிப்புப் படத்தின் நியாயம் வேறு. அதில் கையில் ஒன்றுமில்லாதவன் விழுவான், எழுவான், தப்பிப்பான்; அவனை விரட்டி வந்த பெரியவர் சேற்றில் விழுவார்.

இந்தச் சிரிப்பு அங்கே பரவியதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து அமெரிக்க நகரங்களில் இத்தாலி, போலந்து, ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. ஐந்து காசு கொடுத்துக் கொட்டகையில் உட்கார்ந்தால், மொழி தெரியாமலே சிரிக்கலாம்.

சார்லி சாப்ளினும் வறுமையில் வளர்ந்தவரே. 1889இல் லண்டனில் பிறந்தார். ஏழு வயதில் தாயோடும் அண்ணனோடும் ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டார். 1914இல் அமெரிக்காவில் அந்த நாடோடி வேடத்தை முதன்முதலாகப் பூண்டார். 1917இல் 'தி இமிகிரன்ட்' என்ற படத்தை எடுத்தார். கப்பல் ஆடுகிறது, தளத்தில் ஏழைப் பயணிகள் உருளுகிறார்கள். நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவியின் சிலை தெரிகிறது. எல்லாரும் ஆவலோடு நிமிர்ந்து பார்க்கிறார்கள். அடுத்த கணமே அதிகாரிகள் வந்து அவர்களைக் கயிறு போட்டு மாடுகளைப் போல் ஒதுக்குகிறார்கள். சார்லி சமயம் பார்த்து ஓர் அதிகாரியைப் பின்னாலிருந்து உதைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல் நிற்கிறார்.

நேயர்களே, அதே காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, தளத்தில் படுத்து, நம் பாட்டன் பாட்டிமார் மலாயாவுக்கு வந்தார்கள். பலர் இறங்கிய இடம் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972 முதல் அதன் பெயர் கிள்ளான் துறைமுகம். இறங்கியதும் தோட்டத்துக்குப் போக முடியாது. நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டிருந்து, பிறகுதான் கங்காணியின் பின்னால் நடக்க வேண்டும். அந்த வரலாறு தெரிந்தவர்களுக்குச் சார்லியின் கயிறு வெறும் வேடிக்கையாகத் தோன்றாது.

இந்தச் சிரிப்புக்கு உடல் உழைப்பும் வேண்டியிருந்தது. ஹெரால்ட் லாயிட் 1919இல் ஒரு குண்டு வெடித்து வலக்கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இழந்தார். அந்தக் கையில் உறை மாட்டிக்கொண்டுதான் 1923இல் 'சேஃப்டி லாஸ்ட்' படத்தில் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கினார். பஸ்டர் கீட்டன் 1928இல் ஒரு படத்தில், வீட்டின் முன்சுவர் தம்மேல் சாய, சன்னல் திறப்பு விழும் இடத்தில் அசையாமல் நின்றார். சற்று விலகியிருந்தால் உயிர் போயிருக்கும். உடலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அந்த ஆபத்தின் அருமை தெரியும்.

அமெரிக்கப் படக்கலை தமிழுக்கும் வந்தது. எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் 1935இல் இந்தியா வந்து 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. வசனத்தைப் பிறர் விளக்க, முகத்தையும் கண்ணையும் பார்த்தே காட்சிகளை அமைத்தார். அவருடைய முதல் தமிழ்ப் படம் 1936இல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆருக்கு அதுவே முதல் படம், கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் தொடக்கப் படங்களில் ஒன்று. அதன் கதாநாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். நம்மைப் போன்றோரின் வாழ்க்கை தமிழ்த் திரைக்கு அத்தனை சீக்கிரம் வந்துவிட்டது.

நம் நாட்டிலும் இப்படி மொழி கடந்த கதை உண்டு. சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் மலாய்ப் படங்களை இயக்கினார். 1950இல் 'பக்தி' படத்தில் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் அவரே. 1960இல் கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் மெர்டேக்கா படநிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1964இல் பி. ரம்லி அங்கே வந்து படங்கள் எடுத்தார்; 1973இல் மறைந்தார். வேலையில்லாத ஏழை இளைஞர்களை வைத்து அவர் எடுத்த சிரிப்புப் படங்களுக்குத் தமிழரும் சீனரும் சிரித்தார்கள்.

சிரிப்பு எல்லாம் ஒரே வகையன்று. வறியவனை, கறுத்தவனை, திக்கிப் பேசுபவனைக் காட்டிச் சிரிக்க வைக்கும் படங்களும் உண்டு. அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளை தன் தகப்பனையே ஏளனமாகப் பார்க்கப் பழகிவிடும். ஆகவே பிள்ளைகளோடு படம் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே விழுகிறவர் யார், சிரிக்கிறவர் யார்?" சார்லியின் படத்தில் விழுந்தவன் எழுந்து, தூசி தட்டி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி நடந்தான். பிள்ளைகள் கற்க வேண்டியது அந்த நடைதான்.