பிரபுக்களின் மாளிகையில் ஒரு ராத்திரி: இங்கிலாந்தின் ‘கன்ட்ரி ஹவுஸ்’ ஹோட்டல்களில் நாம கொடுக்கும் வாடகை எங்கே போகுது?

2018 மே 18-ம் தேதி. மறுநாள் விண்ட்சரில் இளவரசர் ஹாரியுடன் திருமணம். மணப்பெண் மேகன் மார்க்கல் தன் அம்மாவோடு அந்த இரவு தங்கிய இடம், தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் ‘கிளிவ்டன் ஹவுஸ்’. ஒரு காலத்தில் பிரபுக்களின் வீடு, இப்போது ஹோட்டல். காசு கொடுத்தால் நீங்களும் நானும்கூட அங்கே தங்கலாம்.

இப்படிப்பட்ட மாளிகை ஹோட்டல்கள் பிரிட்டனில் ஏராளம். பிரபுக்கள் வீடு எப்படி ஹோட்டல் ஆனது? வாடகை யாருக்குப் போகிறது? அங்கே தங்குவது நிஜத்தில் எப்படி இருக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

கன்ட்ரி ஹவுஸ் என்றால் என்ன?

பெயரைப் பார்த்து ‘கிராமத்து வீடு’ என்று நினைத்துவிட வேண்டாம். பெரும் நிலக்கிழார்கள் தங்கள் எஸ்டேட்டின் நடுவே கட்டிய மாளிகைதான் கன்ட்ரி ஹவுஸ். லண்டனில் ஒரு வீடு, கிராமப்புறத்தில் ஒரு மாளிகை என்பதே பிரபுக் குடும்பங்களின் வழக்கம். சுற்றியிருக்கும் கிராமங்களின் குத்தகைப் பணத்தில்தான் மாளிகையின் செலவு ஓடியது. நம்ம ஊர் ஜமீன் பங்களாவை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரியாக வரும்.

ஏன் கைவிட்டார்கள்?

1870-களில் அமெரிக்காவிலிருந்து மலிவு விலையில் தானியம் வந்து குவிந்தது. பிரிட்டனில் விளைபொருள் விலை சரிந்தது, குத்தகை வருமானமும் கூடவே விழுந்தது.

அடுத்த அடி வரி. ஒருவர் இறந்ததும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது விதிக்கப்படும் எஸ்டேட் வரி 1894-ல் அறிமுகமானது. மிகப் பெரிய சொத்துகளுக்கு 1919-ல் அது 40% ஆனது, 2-ம் உலகப் போருக்குப் பிறகு 80% வரை போனது. போரில் அப்பாவும் மகனும் அடுத்தடுத்து இறந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கிடையே வேலையாட்களும் தொழிற்சாலை, ஆபீஸ் வேலைகளுக்குப் போய்விட்டார்கள்.

விளைவு? இடித்துத் தள்ளினார்கள். 20-ம் நூற்றாண்டில் மட்டும் 1,000-க்கும் அதிகமான மாளிகைகள் காணாமல் போயின. 1974-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இந்த அழிவைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தியது. தப்பிய மாளிகைகளில் சில பள்ளிக்கூடம் ஆயின, சில மியூசியம் ஆயின, சில ஹோட்டல் ஆயின.

ஒரு வீடு, பல வாழ்க்கை: கிளிவ்டன் கதை

1666-ல் பக்கிங்ஹாம் கோமகன் இங்கே மாளிகை கட்டத் தொடங்கினார். 1795-ல் அது எரிந்தது. திரும்பக் கட்டிய வீடு 1849-ல் மறுபடி எரிந்தது. இப்போது நிற்பது 1851-ல் சார்லஸ் பேரி வடிவமைத்த கட்டடம். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் இவர்தான்.

1893-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் இதை வாங்கினார். 1906-ல் மகனுக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். அந்த மருமகள் நான்சி ஆஸ்டர், 1919-ல் பிரிட்டன் மக்களவையில் அமர்ந்த முதல் பெண் எம்.பி. ஆனார். 1961 ஜூலையில் இதே வீட்டின் நீச்சல்குளத்தருகே போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ, கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அது பெரும் ஊழல் விவகாரமாக வெடித்து, 1963-ல் அவர் பதவி விலகினார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1942-லேயே ஆஸ்டர் குடும்பம் இந்த வீட்டை ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டது. பிறகு கொஞ்ச காலம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் பயன்படுத்தியது. 1985 முதல் ஹோட்டலாக இயங்குகிறது.

அப்போ வாடகை யாருக்கு?

எல்லா மாளிகை ஹோட்டலும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும். ஆனால் உரிமை 3 விதம்.

• தனியார் உரிமை: குடும்பமோ கம்பெனியோ நடத்துவது. லாபம் அவர்களுக்கு, கூரை பழுதானால் செலவும் அவர்களுக்கு.

• டிரஸ்ட் கட்டடம், தனியார் ஹோட்டல்: கிளிவ்டன் இந்த வகை. ஹோட்டல் நிறுவனம் குத்தகைக்கு நடத்துகிறது.

• ஹோட்டலே டிரஸ்டுக்குச் சொந்தம்: ஹார்ட்வெல் ஹவுஸ், யார்க் நகர் அருகே மிடில்தார்ப் ஹால், வேல்ஸில் போடிஸ்காலன் ஹால் ஆகிய மூன்றையும் சீரமைத்து ஹோட்டலாக்கிய நிறுவனம், 2008-ல் அவற்றை நேஷனல் டிரஸ்டுக்கே நன்கொடையாகக் கொடுத்தது.

இதில் ஹார்ட்வெல் கதை சுவாரஸ்யமானது. நாடிழந்த பிரான்ஸ் மன்னர் 18-ம் லூயி 1809 முதல் 1814 வரை அங்கேதான் வாடகைக்குக் குடியிருந்தார். கூட வந்த பரிவாரம் 100 பேருக்கு மேல்! 1938-ல் அந்த வீட்டை வாங்கிக் காப்பாற்றியவர் எர்னஸ்ட் குக். சுற்றுலா ஏற்பாட்டுத் தொழிலின் முன்னோடி தாமஸ் குக்கின் பேரன்.

இந்த மாளிகைப் பணம் எங்கிருந்து வந்தது?

எல்லாம் உள்ளூர்க் குத்தகைப் பணம் இல்லை. சில வீடுகளின் கதை நம்ம சென்னை வரைக்கும் வருகிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட், இங்கே ஒரு பெரிய வைரத்தை வாங்கினார். 1717-ல் அதை பிரான்ஸ் அரசப் பிரதிநிதிக்கு விற்றார். அதே ஆண்டு கார்ன்வால் பகுதியில் ‘போகனாக்’ என்ற எஸ்டேட்டையும் மாளிகையையும் வாங்கினார். அந்த வைரம் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2020-ல் நேஷனல் டிரஸ்டே ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் இருக்கும் 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் தொடர்பு உண்டு என்றது. பிரிட்டனில் பெரிய சண்டையே நடந்தது. தங்கப் போகும் இடத்தின் கையேட்டில் இந்தப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊழியர்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

தங்கும்போது எப்படி இருக்கும்?

கிளிவ்டனும் ஹார்ட்வெல்லும் ‘கிரேடு 1’ பட்டியலில் உள்ளவை. இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் இந்தத் தகுதி சுமார் 2.5% கட்டடங்களுக்குத்தான் உண்டு. அனுமதி இல்லாமல் மாற்றம் செய்தால் கிரிமினல் குற்றம். அதனால்தான் இதுபோன்ற பழைய வீடுகளில் சில ‘வசதிக் குறைவுகள்’ சகஜம். மரத்தரை கிரீச்சிடும். ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடிதான் இருக்கலாம், குளிர் உள்ளே வரும். ஒரு அறை போல இன்னொரு அறை இருக்காது. இதை சர்வீஸ் குறைபாடு என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

புக் செய்யும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. அறை மெயின் மாளிகையிலா, குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய பகுதியிலா? விலை குறைவாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

2. லிஃப்ட் உண்டா? அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்க இதை முதலில் கேளுங்க.

3. வாடகையில் காலைச் சாப்பாடு மட்டுமா, இரவுச் சாப்பாடும் சேர்த்தியா? அக்கம்பக்கத்தில் வேறு கடை இருக்காது. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. குழந்தைகளுக்கு வயது வரம்பு, டைனிங் ஹாலில் உடைக் கட்டுப்பாடு இருக்கிறதா?

5. ரயில் நிலையத்திலிருந்து எப்படி வருவது? பஸ் அரிது. திரும்பும் டாக்ஸியையும் சேர்த்தே சொல்லி வையுங்கள்.

பட்ஜெட் இடிக்குதா?

தங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. பல மாளிகை ஹோட்டல்களில் வெளியாட்களும் முன்பதிவு செய்து மாலைத் தேநீருக்குப் போகலாம். கிளிவ்டனைச் சுற்றியுள்ள 376 ஏக்கர் தோட்டத்தையும் காட்டையும் நேஷனல் டிரஸ்ட் டிக்கெட் வாங்கியே பார்க்கலாம். வார நாட்களிலும் குளிர்காலத்திலும் அறை வாடகை பொதுவாகக் குறையும்.

வீட்டை இடிப்பதா, விற்பதா என்று குடும்பங்கள் திண்டாடிய காலம் போய், இன்று பல கூரைகள் விருந்தினர் கொடுக்கும் வாடகையில்தான் ஒழுகாமல் நிற்கின்றன. எனவே ஹோட்டலின் இணையதளத்தில் போட்டோக்களைப் பார்த்த கையோடு, ‘எங்களைப் பற்றி’ பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். உங்கள் பணம் எந்தக் கூரைக்குப் போகிறது என்பது அங்கேதான் தெரியும்.