பல்லாவரத்து அறிதுயில்

ஓடும் உள்ளத்தை அமைதிப்படுத்தல் மனைவாழ்க்கை துறந்தார்க்கே இயலும் என்பர் சிலர். அஃது அன்றென்பதற்குச் சென்னையின் தென்புறத்து வரலாறொன்று சான்றாம்.

1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கிய மறைமலையடிகள் 1911-ல் அப்பணி நீங்கிப் பல்லாவரத்தில் உறைந்தார். அவ்வாண்டே துவராடை பூண்டும் மனைவி மக்களைப் பிரிந்திலர். மாத ஊதியம் ஒழிந்தது, ஓய்வு வாய்த்தது. அவ்வோய்வு மடியன்று. நூலாராய்ச்சியும் நூலாக்கமும் அவண் பெருகின. 1922-ல் 'யோக நித்திரை அல்லது அறிதுயில்' என்னும் நூலும் வெளிவந்தது. அறிதுயிலாவது, அறிவு விழித்திருக்க உடலும் புலனும் ஓய்தல். சித்தாந்தம் கூறும் சாக்கிராதீதம் திருவருளான் எய்துவதாகலின் இதனின் வேறாம். எனினும் நனவிலேயே அமைதி கூடும் என்னுந் துணையில் இரண்டும் ஒக்கும்.

1937-ல் அக்கல்லூரியும் ஜார்ஜ் டவுன் நெருக்கத்தினின்று தாம்பரத்துக் காட்டுப் புறத்தை அடைந்தது. அதற்குத் தென்கிழக்கே சிறுசேரியில், இன்று தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் இரவும் பகலும் கணினிமுன் உழைப்பார் பலர். அவரெல்லாம் பணிதுறத்தல் இயலுமோ எனின், வேண்டா என்க. இடமாற்றம் துணைக்காரணமே, உள்ளம் தன் பற்றை நெகிழ்த்தலே முதற்காரணம். நாடோறும் சிறுபொழுது தனித்திருந்து, உடல் தளர்த்தி, மூச்சினை அதன் இயல்பில் விடுத்து நோக்கியிருப்பார்க்குச் சிறுசேரியும் பல்லாவரமாம்.