எமன் வேடம் கட்டியவர்

காமன் கூத்தில் ரதியாக ஆடும் பையனுக்கு மீசை அரும்பத் தொடங்கிவிட்டால், அந்த வருஷமோ மறு வருஷமோ அவனுடைய சேலையும் சவுரியும் வேறொரு பையனிடம் போய்ச் சேர்ந்துவிடும். மன்மதனாக ஆடுகிறவனும், வாலிபத்தின் மினுக்குச் சற்றே குறைந்ததும், கரும்பு வில்லைத் தனக்கு இளையவன் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியவனாகிவிடுகிறான். அதே பொட்டலில், கரி பூசிய முகமும் கையில் பாசக்கயிறுமாக நடுச்சாமத்தில் வந்து குதிக்கிற எமனுக்கோ வயது ஒரு குறையாவதில்லை. தலை நரைக்க நரைக்க, குரல் கரகரக்கக் கரகரக்க, அந்த வேடத்துக்கு அவர் மேலும் பொருத்தமானவராகிக்கொண்டே போகிறார். சினிமாக்காரர்கள் ‘குணச்சித்திர நடிகர்’ என்று ஒரு பட்டம் வைத்திருக்கிறார்களே, அதற்குப் பூரண உரிமையுள்ள மனிதரை இலங்கையின் மாத்தளைச் சீமையில் தேடப் புறப்பட்டால், தேயிலை மலைச் சரிவில் தொழிலாளர் லயங்களுக்கு நடுவே கிடக்கும் காமன் பொட்டலுக்குத்தான் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கூத்து மாத்தளைக்கு வந்துசேர்ந்த பாதை சாமானியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிச் சீமைக் காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிடத் தொடங்கிய வெள்ளைக்காரத் துரைமாருக்கு ஆள் தேவைப்பட்டபோது, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னால் புறப்பட்ட சனங்கள், கடலைத் தோணியில் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை என்று நாள் கணக்கில் நடந்து, வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியெல்லாம் உயிர்களைப் பறிகொடுத்து, மிஞ்சியவர்களாக மாத்தளையை எட்டினார்கள். மலைநாட்டுக்கு அதுவே வாசல். அங்கே ஒரு மரத்தடியில் இருந்த சிறிய அம்மன் உருவத்தின் முன் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் அவர்கள் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள் என்பது ஊரில் வழங்கும் கதை. வயலாயிருந்த அந்த நிலம் 1852இல் தானமாகக் கிடைத்ததும், 1874இல் கோயில் எழும்பியதும், மரத்தடித் தெய்வம் இன்று 108 அடி இராஜகோபுரத்தோடு முத்துமாரியம்மனாக வீற்றிருப்பதும், மாசி மகத்தில் ஐந்து தேர்கள் மாத்தளை வீதியில் உருண்டு வருவதும் அதன் பின்வந்த சரித்திரம்.

புகையிரதம் 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் வந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. அதன் இடத்தில் தேயிலையும், உக்குவளைப் பக்கத்துத் தாழ்ந்த சரிவுகளில் ரப்பரும் கொக்கோவும் வந்தன. துரைமார் மாறினார்கள், பயிர் மாறிற்று, கம்பெனிகள் கைமாறின. மாசி பிறந்தால் காமன் ஊன்றுவது மட்டும் மாறவில்லை.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற மாலையில், தோட்டத்துக்கென்று ஒதுங்கியிருக்கும் பொட்டலில், ஆமணக்கும் கரும்பும் வைக்கோல் பிரியும் வரட்டியும் சேர்த்துக் கம்பம் நாட்டி, அதைச் சாட்சாத் மன்மதனாகவே பாவித்துத் தப்பு முழக்குவார்கள். தப்பு என்பது நெருப்பில் காட்டாவிட்டால் பேசாத வாத்தியம். பனி கொட்டுகிற மலைநாட்டிலோ அதன் தோல் நாழிகைக்கு ஒருமுறை தளர்ந்துவிடும். ஆகையால் பொட்டலின் ஓரத்தில் ஒரு கணப்பு எரிந்துகொண்டே இருக்கும், அடிக்கிறவர்கள் முறைவைத்துப் போய்த் தப்பைக் காய்ச்சிக்கொண்டு வருவார்கள். அன்று தொடங்கிப் பௌர்ணமி வரையில் இராத்தோறும் பாட்டும் ஆட்டமுமாக நடந்து, கடைசி இரவில் கூத்து முழு உருவம் கொள்ளும்: தவத்தில் ஆழ்ந்த சிவனைக் கலைக்கத் தேவேந்திரன் ஓலை விடுகிறான், தூதன் அதைக் கொண்டுவருகிறான், கெட்ட கனவு கண்ட ரதி புருஷனைப் போகவேண்டாமென்று காலைப் பிடித்துத் தடுக்கிறாள், மன்மதன் கேளாமல் போய்ப் பாணத்தைத் தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்கிறது, பொட்டலிலே நட்ட கம்பம் பற்றி எரிகிறது. மூன்றாம் நாள் ரதியின் புலம்பலுக்கு இரங்கி அவன் உயிர்த்தெழுவதும் உண்டு. எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் பிரிந்து லாவணியில் வழக்காடுவது தஞ்சாவூர்ப் பக்கத்து வழமை. அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னவர் இன்றுவரை எவருமில்லை.

கதை மன்மதனுடையதுதான். எனினும் அவனுக்கும் ரதிக்கும் பாட்டும் அழகும் போதும். மற்றவற்றையெல்லாம் சுமப்பவர்கள் நந்தியும் வீரபத்திரனும் எமனும் கோமாளியும், பாட்டுக்கு முதலெடுத்துக் கொடுக்கும் வாத்தியாருமே. மன்மதனாக நிற்கும் பையன் ஓரடியை மறந்தால், அதைக் கோமாளி பரிகாசமாக எடுத்துக்கொடுப்பான். ரதிக்குத் தொண்டை கட்டிவிட்டால் எமன் முன்கூட்டியே வந்து கால் நாழிகை அதட்டிவிட்டுப் போவார். ஏட்டில் எழுதாத கூத்து அது. பாடம் முழுவதும் இந்தக் கிழவர்களின் மனத்தில் இருந்தது.

எமன் வேடக்காரரைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பகலில் அவர் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நிற்கிறவர், அல்லது ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிடுகையில் கூலிக்கணக்கில் ஒரு முழுப்பேரோ அரைப்பேரோ விழுகிற மனிதர், அவ்வளவுதான். கூத்து இரவில், காப்புக் கட்டிய கையோடு லயத்துக் காம்பிராவின் மூலையில் குந்திக்கொண்டு, சட்டியின் அடிக்கரியைச் சுரண்டித் தேங்காயெண்ணெயில் குழைத்து, நெற்றியிலிருந்து கழுத்துவரை விரலாலேயே இழுத்துப் பூசி, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு வளையமும் உதட்டில் செந்தூரமும் தீட்டி, உடைந்த கண்ணாடித் துண்டில் ஒருமுறை பார்த்துக்கொள்வார். பிறகு யாரோடும் பேசமாட்டார். தூதன் ஓடிவருவான், கோமாளி உருண்டு வருவான். எமன் மட்டும் நடந்து வருவார். தீப்பந்தம் பிடித்தவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். வீரபத்திரனுக்கும் எமனுக்கும் அருள் மிஞ்சிவிடும் என்ற பயத்தில் இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பேர் பிடித்துக்கொள்வதும் உண்டு. அந்தக் கயிறு நடிப்புக்கா காவலுக்கா என்பது பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கே தெரியாது. ‘ஏலேய், சோறு தின்னாட்டி எமன் தாத்தாகிட்டச் சொல்லிப்புடுவேன்’ என்று லயத்துத் தாய்மார் வருஷம் முழுவதும் பிள்ளைகளை மிரட்டுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் தோட்டத்துப் பெயர்ப்பதிவான செக்ரோலில் மட்டும் மிஞ்ச, மனிதர் ஊர் வாயில் எமன் தாத்தாவாகவே நிலைத்துவிடுவார். ஒரு நடிகன் தன் பாத்திரத்தில் இதைவிட முழுமையாகக் கரைந்துபோவது எங்ஙனம்?

இந்த வேடத்தின் வலிமைக்குத் தமிழ்நாட்டு மேடையிலும் ஒரு பெரிய சாட்சி உண்டு. பிற்காலத்தில் நாடகத் தமிழின் தலைமையாசிரியராக விளங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), வாத்தியாராவதற்கு முன் எமனும் சனீஸ்வரனுமாக வேடம் பூண்டவர். சனீஸ்வர வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனவரைக் கண்டு ஒரு பெண் பயத்தில் உயிர்விட்டதாகவும், அதன்பின் அவர் நடிப்பதையே கைவிட்டதாகவும் நாடகக்காரர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். ஸ்ரீலங்காவின் முதல் வியாபாரத் தேயிலையை ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் நட்டதாகச் சொல்லப்படும் 1867ஆம் வருஷமே சுவாமிகளின் ஜனன வருஷமும் என்பது வெறும் தற்செயல்தான். ஆனாலும் எழுதுகிறவனுக்கு இத்தகைய தற்செயல்களின்மேல் ஒரு சபலம். சுவாமிகளின் பாலசபைகளிலும் மகரக்கட்டு வந்து குரலுடைந்த பையன் ஸ்திரீபார்ட்டை இழப்பான். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே வேடம் போனால் ஜீவனமே போய்விடும், தோட்டத்து ரதிக்கோ மறுநாள் கொழுந்துச் சாக்குத் தூக்க மலை இருந்தது.

யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயானகாண்டத்து அரிச்சந்திரனாக ஆயிரக்கணக்கான இரவுகள் நின்றார். அவருக்குப் பட்டம் கிடைத்தது, பெயர் நின்றது. மலைநாட்டுக் கூத்தருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்துப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்திராவிட்டால் பாட்டும் போயிருக்கும். மாத்தளை வடிவேலன் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதிவைத்ததும் பெரிய உபகாரம். என்றாலும் பாட்டை ஏட்டில் ஏற்றலாம், எமன் நடந்து வந்த நடையை எந்த ஏட்டில் ஏற்றுவது? மலையகம் திரைக்கும் வந்தது: வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ 1975இல் வெளியாயிற்று. மாத்தளை கார்த்திகேசு நாடகம் எழுதி, நடித்து, ‘அவள் ஒரு ஜீவநதி’ என்ற படத்தை எடுத்து, ரூபவாஹினிக்குக் ‘காலங்கள்’ என்ற தொடரையும் தந்தார். இவர்கள் காட்டிய வழி வேறு, பெருமைக்குரிய வழி. ஆனால் ஒத்திகைக்குச் சம்பளமும் விளம்பரத்துக்குச் சுவரொட்டியும் இல்லாமல் முப்பது நாற்பது மாசிகள் ஒரே வேடத்தைக் கட்டியவரின் கணக்கு அதில் சேராது.

கூத்தைக் கலைத்தது சினிமா என்று சொல்வது சுலபம். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்துச் சனங்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பாகப்பிரிவினையில் பானை சட்டியைப் பிரிக்கிற மாதிரி மனிதரைப் பிரித்தபோது, எந்தத் தோட்டத்துக் கூத்து முழுசாக நின்றிருக்கும்? ஒரு குடும்பம் புறப்பட்டால் ஒரு வேடமும் புறப்பட்டுவிடும். பூட்டனார் மன்னாரிலிருந்து நடந்து வந்த தூரத்தைப் பேரன் மாத்தளைப் புகையிரத நிலையத்தில் ஏறி, கண்டிப் பக்கமாக இறங்கி, பொல்காவலை சுற்றி, தலைமன்னார்த் துறைக்குப் போய்க் கடந்தான். மீந்தவர்களில் ஒருவரே நந்தியாகவும் வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தேவேந்திரனாகவும் வந்து, பிறகு கரி பூசி எமனாகவும் வர வேண்டியதாயிற்று. 1983 ஜூலைக் கலவரத்தில் முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கு இரையாயிற்று. கோயில் பின்பு மீண்டெழுந்தது. பொட்டல்களில் சில மரக்கறித் தோட்டமாயின, சிலவற்றில் இன்னும் கம்பம் ஊன்றுகிறார்கள்.

காமன் எரிந்த மறுநாள் விடிவதற்குள் எமன் தாத்தா ஓடைக்குப் போய்விடுவார். சட்டிக்கரியும் எண்ணெயும் சேர்ந்தால் இலேசில் போகாது. சாம்பலும் தேங்காய்ப் பொச்சுமாகத் தேய்த்துத் தேய்த்து முகம் சிவந்தாலும் காதுமடலின் பின்னால் கறுப்பு நின்றுவிடும். அதற்குள் பிரட்டுத் தப்பு முழங்கிவிடும். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பளியும் கத்தியுமாக அவர் ஏறி வருகையில் ஆட்கள் மலைக்குப் பிரிந்துகொண்டிருப்பார்கள். கணக்கப்பிள்ளை ஏறிட்டுப் பார்ப்பார், காதுமடலைக் கண்டும் காணாதவர்போலச் செக்ரோலைத் திருப்புவார், பிந்தி வந்ததற்காக அன்றைக்கு அவருக்கு அரைப்பேர் போடுவார்.