தேயிலைக்குரிய நாள்: மலையகத்தின் வழிபாடும் உலக நாட்காட்டியும்

ஒரு விளைபொருளின் பெயரால் ஆண்டுக்கொரு நாளைக் குறித்துக் கொண்டாடும் வழக்கம் அண்மைக் காலத்தில் உலகெங்கும் பெருகியுள்ளது. சொக்லேட்டுக்கு ஜூலை 7, கோப்பிக்கு ஒக்டோபர் 1, தேயிலைக்கு மே 21 எனப் பட்டியல் நீள்கிறது. இம்மூன்றுக்கும் மூலமான பயிர்கள் யாவும் இலங்கையின் மத்திய மலைநாட்டில் வேரூன்றியவை. 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்தபோது, தோட்டத் துரைமார் சிங்கோனாவையும் கொக்கோவையும் நாடினர். வெப்பமும் நிழலும் வேண்டும் கொக்கோ மாத்தளை, தும்பறைப் பகுதிகளோடு நின்றுவிட, குளிர்ந்த நுவரெலியா, டிக்கோயா, டிம்புள்ளை மலைகளைத் தேயிலை ஆட்கொண்டது. அதற்கு வழிகாட்டியது 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் இட்ட பயிராகும்.

உலக நாட்காட்டி தேயிலையை நினைவுகூர்வதற்கு நெடுங்காலம் முன்பே, தென்னிந்தியாவிலிருந்து வந்து அதை வளர்த்தெடுத்த தமிழ்த் தொழிலாளர் தமக்கெனத் தேயிலை சார்ந்த வழிபாடுகளை உருவாக்கிக்கொண்டனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியின் கிளைகளை வெட்டிச் சீராக்கும் வேலை கவ்வாத்து எனப்படும். அதைத் தொடங்குமுன், மலை என்று அவர்கள் அழைக்கும் தேயிலை நிலத்தின் ஓரத்தில் கல்லொன்றை நட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, கவ்வாத்துக் கத்திகளை அதன்முன் வைத்துக் கவ்வாத்துச் சாமியை வணங்கினர். கூரிய கத்தி, செடிக்குள் பதுங்கும் பாம்பு, கலைந்தால் கொட்டும் குளவி என ஆபத்து சூழ்ந்த தொழிலில் இவ்வழிபாடு வெறும் சடங்காக இருந்திருக்க இயலாது. கொழுந்து பறிப்போர்க்குக் கொழுந்துச் சாமியும், தொழிற்சாலையின் எந்திரச் சக்கரங்களுக்கிடையே உழைத்தோர்க்கு ரோதைமுனியும் காவலாயினர். ஊரிலிருந்து கொணர்ந்த மாரியம்மனோடும் முனியாண்டியோடும் புதிய தொழிலுக்கேற்ற புதிய தெய்வங்களையும் படைத்துக்கொண்ட இம்மக்களின் ஆற்றல் ஆய்வாளரின் முழுக் கவனத்துக்குரியது.

உழைப்பை மையமாகக் கொண்ட இம்மரபுக்கு நெருக்கமானது, தொழிற்சங்கங்களும் சிறுதோட்ட உடைமையாளர் அமைப்புகளும் முன்னெடுத்த டிசம்பர் 15 ஆகும். 2005இல் புதுடில்லியிலும் அடுத்த ஆண்டு இலங்கையிலும் அது சர்வதேச தேயிலை நாளாக அனுசரிக்கப்பட்டது. தேயிலையின் சுவையைவிடக் கூலியும், கொழுந்துக்கான நியாய விலையுமே அதன் பேசுபொருள்களாயின. இதன் பொருத்தம் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையில், தெளிவாகும். அங்கே தராசில் காணும் எடையிலிருந்து கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழிவு போக எஞ்சுவது தோட்டம் விதித்த அளவை எட்டினால்தான் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். பேர் என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவும் அதற்குரிய கூலியுமாகும். ஆயிரம் ரூபா நாட்கூலிக்காகப் பல்லாண்டு நடந்த போராட்டத்துக்குப் பிறகே 2021இல் அத்தொகை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.

ஐக்கிய நாடுகள் சபை 2019 டிசம்பரில், இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, மே 21ஐத் தேயிலை நாளாக அறிவித்தது. பல நாடுகளில் தரமான தேயிலைப் பருவம் மே மாதத்தில் தொடங்குவதே அத்தேதிக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. வறுமை ஒழிப்பும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயினும், விளைச்சலின் பருவத்தைக் கொண்டு குறித்த நாள் உழைப்பவர் கோரிக்கையிலிருந்து பிறந்த நாளுக்கு ஈடாகாது. மலையகத்தின் தொழிற்சங்கங்களும் பாடசாலைகளும் டிசம்பர் 15ஐக் கைவிடாது காக்க வேண்டும். கத்தியின் இடத்தை எந்திரம் பிடித்துவரும் இக்காலத்தில், கவ்வாத்துச் சாமியை வணங்கிய முதியவர்களின் வாய்மொழியை அந்நாளில் பதிவுசெய்யவும் முன்வர வேண்டும்.