சட்டத்துக்கு முன்னால் வந்த வீடு

1930-இல் சென்னைக்குப் படிக்க வரும் பெண்பிள்ளை விடுதியில் இடம் கேட்டால், முதலில் சாதியைச் சொல்ல வேண்டும். பிராமணப் பெண்களுக்கு ஒரு விடுதி, மற்றவர்களுக்கு இன்னொன்று. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்து, கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த பிள்ளைக்கு இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட சில பெண்கள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டில் அடைக்கலம் கேட்டு நின்றார்கள். இடம் தேடி அலைந்து பார்த்த டாக்டர் அம்மா, கடைசியில் தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்துக்கொண்டார். இன்று அடையாறு பெசன்ட் அவென்யூவில் இருக்கும் அவ்வை இல்லம் பிறந்தது இப்படித்தான்.

அந்தப் பெண்கள் வேறு யார் வீட்டு வாசலில் நின்றிருந்தாலும் இந்த வரலாறு நடந்திருக்காது என்பது என் எண்ணம். முத்துலட்சுமி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தகப்பனார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில், தேவதாசிக் குடும்பத்தில் வந்தவர். ஆண்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் மகளைச் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியது. புதுக்கோட்டை மன்னரே அனுமதி கொடுத்த பிறகுதான் சேர முடிந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-இல் டாக்டர் பட்டம். ஒரு பெண்ணை வாசலிலேயே நிறுத்துவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பள்ளியில் சேர்க்கும்போது 'தகப்பனார் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். முப்பது வருடம் ஆசிரியராக இருந்தவள் நான். அந்தக் கட்டத்துக்கு வரும்போது பேனா நின்றுபோகும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். தேவதாசிக் குடும்பங்களில் தாயின் பெயரே முன்னெழுத்தாக வந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் இருக்கும் 'எஸ்' அவருடைய தாயார் சண்முகவடிவுதான். கச்சேரி மேடையில் அந்த எழுத்தைக் கைகூப்பி வணங்கிய ஊர், பள்ளி வாசலில் அதே எழுத்தைப் பார்த்து முகம் சுளித்தது. விடுதியில் இடம் மறுக்கப்பட்ட பிள்ளைகள் சுமந்து வந்த பாரம் இதுதான்.

அம்மையாரின் சட்டப் போராட்டம் ஊரறிந்தது. 1926-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவரும் ஆனார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க வேண்டும் என்று 1927-இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். கோயில் ஊழியத்துக்காக விடப்பட்ட மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே சொந்தமாக்க 1929-இல் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டையே தடுக்கும் மசோதாவும் வந்தது. 1930-இல் காந்தியடிகள் கைதானபோது அதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். அதற்குப் பிறகு மசோதா ஆண்டுக்கணக்கில் கிடந்தது. ஓமந்தூரார் ஆட்சியில், 1947-இல்தான் சட்டம் ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1930-இல் பத்து வயதில் அடைக்கலம் கேட்டு வந்த சிறுமிக்குச் சட்டம் வந்த அன்று 27 வயது. அந்தப் பதினேழு வருடமும் அவள் எங்கே படுத்திருப்பாள், எங்கே சாப்பிட்டிருப்பாள்? சட்டம் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சட்டம் வரும்வரை பசியும் இருட்டும் காத்திருக்காது. இதை அறிந்து, சட்டசபையில் பேசிய அதே காலத்தில் வீட்டையும் திறந்து வைத்தார் என்பதால்தான் அம்மையாரை நான் இவ்வளவு பெரியவராக நினைக்கிறேன். புற்றுநோய் மருத்துவமனைக்காக அவரை நாடு கொண்டாடுகிறது. 1954-இல் அதே அடையாறில் தொடங்கிய அந்த மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இந்த இல்லம் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு நேர்மையாகாது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசி மரபுக் கலைஞர்கள் பொட்டுக்கட்டைத் தடுக்கும் அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தார்கள். எங்கள் கலையும் சொத்துரிமையும் என்ன ஆவது, எங்கள் எல்லோரையும் ஒரே பெயர் சொல்லி இழிவுபடுத்தலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளில் நியாயம் இருந்தது. ஒரு மரபின் இசையும் நாட்டியமும் வளர்த்த கைகளைவிட்டுப் போனதை இன்று ஆய்வாளர்கள் வருத்தத்தோடு எழுதுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுங்கள் என்றும் தேவதாசிகள் தங்கள் மனுவில் கேட்டிருந்தார்கள். சட்டத்தைப் பற்றி இரு தரப்பும் எதிரெதிராக நின்றாலும், இந்தக் கோரிக்கைக்கு அவ்வை இல்லம் பதிலாக அமைந்தது என்று நான் கருதுகிறேன். முதலில் வந்த பெண்களில் ஒருவர் டாக்டராகவும், ஒருவர் ஆசிரியையாகவும், ஒருவர் நர்ஸாகவும் ஆனார்கள் என்று அம்மையாரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இல்லத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். தெய்வத்தின் பெயரையோ, பணம் கொடுத்தவரின் பெயரையோ வைக்கவில்லை; ஔவையின் பெயரை வைத்தார். கல்யாணமாகாதவள், சொந்த வீடு இல்லாதவள், கோல் ஊன்றி ஊர் ஊராக நடந்தவள், படிப்பு ஒன்றை மட்டுமே சொத்தாக வைத்திருந்தவள் என்றுதான் நம் கதைகள் ஔவையைச் சொல்கின்றன. அவளிடம் யாரும் தகப்பனார் பெயர் கேட்டதில்லை. பாட்டி என்று கூப்பிட்டுக் கூழ் ஊற்றினார்கள். அடைக்கலம் தேடி வந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டி எங்கே கிடைப்பாள்?

பிறகு பொட்டுக்கட்டுக்குத் தப்பியவர்கள் மட்டுமல்லாமல், தாய் தகப்பன் இல்லாதவர்கள், கைவிடப்பட்டவர்கள், வறுமையால் படிப்பு நின்றவர்கள் என்று எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். சாதி, மதம் கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. இல்லத்தோடு பள்ளிக்கூடம் வளர்ந்தது, ஆசிரியப் பயிற்சி வந்தது, கைத்தொழில் வந்தது. பல அனாதை இல்லங்களில் சோறும் துணியும் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடும். சொந்தச் சம்பளத்தில் நிற்கிற பெண்ணாக ஆக்கி அனுப்புவது என்பது இங்கே தொடக்கத்திலிருந்தே குறிக்கோள். அம்மையார் 1968 ஜூலையில் மறைந்தார். அதற்குப் பின்னும் இல்லம் நின்றுவிடவில்லை. வேறு கைகள் அதைத் தாங்கின.

இன்றைய நிலவரம் வேறு. ஆதரவில்லாத குழந்தையைக் கண்டால் 1098-க்கு அழைக்கலாம். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் 18 வயது முடிந்ததும் பிள்ளை இல்லத்தைவிட்டு வெளியேற வேண்டும். 21 வயது வரை பின்காப்பு உதவி என்று இருக்கிறது. மத்திய அரசின் 'வாத்சல்யா' திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய். சென்னையில் ஒரு பெண் அதை வைத்து வாடகை கொடுப்பாளா, சாப்பிடுவாளா, படிப்பாளா? அம்மா அப்பா இருக்கிற நம் பிள்ளைகளை 18 வயதில் வாசலில் நிறுத்திக் கையசைத்து அனுப்புவோமா? ஆதரவற்ற பிள்ளைகளுக்காக உழைக்கும் எல்லோரும் அடுத்துக் கைவைக்க வேண்டிய இடம் இதுதான் என்று மன்றாடிச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஊரிலும் ஒரு சின்னப் பெண்கள் இல்லம் இருந்தது. ஏப்ரல் கடைசியில் முழுப்பரீட்சை முடிந்த அன்று சித்தி, மாமா, பாட்டி என்று யாராவது வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போவார்கள். டிரங்குப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திண்ணையைவிட்டுப் போகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பெட்டி மட்டும் எந்த வருடமும் திண்ணைக்கே வந்ததில்லை. மே மாதம் முழுக்க அந்தப் பெரிய கூடத்தில் அவளும் வார்டன் அக்காவும்தான். இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய குண்டான் என்று சிரித்துக்கொண்டே அவள் அதைத் தேய்த்துக் கவிழ்ப்பாள்.

அவள் படித்து வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனது. ஏழாவது மாதம், வளைகாப்பை எங்கே வைப்பது என்று புகுந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில்தான் என்று இல்லத்தின் முகவரியைக் கொடுத்திருக்கிறாள். வார்டன் அக்கா எனக்கும் ஆள் அனுப்பினார். அதே கூடத்தில் பாய் விரித்து, ஐந்து வகைச் சாதம் செய்து, நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று வளையலைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, பாப்பா பொறந்ததும் இங்கதான வருவ?" என்று கேட்டது. "வேற எங்கடி போவேன்?" என்று சொல்லி அவள் கையை நீட்டினாள்.